அம்பாசடரின் கண்ணாடிகளை ஏற்றுவது குறித்து

பாளையங்கோட்டை,
மே மாதம், திங்கட்கிழமை

அன்புள்ள மகள் ரீபாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கர்த்தருடைய கிருபையால் சுகம். அவளுடைய ரத்த அழுத்தத்தையும் என் இடது காதையும் இருவருடைய முழங்கால்களையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் இதை மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் எழுதலாம். நீயும் மருமகன் ஹெப்ரானும் பேரன் எபியும் மே மாதத்திலும் பனி விழும் அந்த ஊரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம்.

நம் குடும்பத்தில் ஒரு முக்கியமான தீர்மானம் நிறைவேறியிருக்கிறது என்பதை உனக்கு முறைப்படி தெரிவிப்பது என் கடமை. நம் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். நான்கு கதவுகளிலும். இதுவரை நம் வீட்டு நடைமுறை என்ன என்பது உனக்குத் தெரியும். மழைச்சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கக் கண்ணாடியை மட்டும் பாதிவரை ஏற்றுவோம், சாரல் நின்றதும் இறக்கிவிடுவோம். முன்பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடிகள் இரண்டும் எப்போதும் வெளியே திருப்பியே இருக்கும். இந்த ஏற்பாட்டை மாற்றுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நான் முன்மொழிந்தேன். உன் அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். வழிமொழியவில்லை, மறுக்கவும் இல்லை. ஆகவே ஏகமனதாக நிறைவேறியதாக எடுத்துக்கொண்டேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் இந்த ஊர் வெயிலில் உள்ளே இருப்பவர் இட்லி ஆகிவிடுவார் என்பதால் காருக்கு ஏசி வைப்பது என்று ஒரு துணைத் தீர்மானமும் கூடவே வந்தது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ, அந்த டப்பாவை வித்துட்டு டாக்சி வச்சுப் போங்கப்பா என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முப்பத்தைந்து வருடம் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவனுக்கு, வகுப்பு முடியும்வரை எழுந்து போகாத ஒரு ஆளாவது வேண்டியிருக்கிறது. வீட்டில் அப்படி யாரும் இல்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் பியூலா சித்திக்கு ஜனவரியில் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். அதன் பிறகு அவள் நாள் எப்படிப் போகிறது என்பது தெரிந்திருக்காது, உன் அம்மா உன்னிடம் பரவாயில்லை என்று மட்டும்தான் சொல்லிவருகிறாள். ராத்திரி மாத்திரை போட்டால் காலை பத்து மணிவரை தூக்கம். விழித்தபின்னும் வெகு நேரம் ஆள் யார் என்று தெரியாது. மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில், டார்லின் கஞ்சி ஊட்டும்போது, கொஞ்ச நேரம் தெளிவு வரும். அப்போது வாசலைப் பார்த்து அக்கா என்பாள். அவளுக்கு மிச்சமிருக்கும் நாலைந்து சொற்களில் அது ஒன்று. பிறகு அந்தத் தெளிவும் போய்விடும், மறுநாள் மத்தியானம்தான். டார்லின் யார் என்று மறந்திருந்தால், சித்தி படிக்கவைத்து ஆளாக்கிய அந்த மெலிந்த பெண்தான். இப்போது ராதாபுரத்திலேயே சித்தியோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டு, மத்தியானம் ஓடிவந்து கஞ்சி கொடுத்துவிட்டு ஓடுகிறாள். வீடியோ காலில் பேசவைத்துப் பார்த்தோம். பியூலா போனைத் திருப்பி, அதன் பின்பக்கம் அக்கா நிற்கிறாளா என்று பார்த்தாள். அதற்குப் பிறகு உன் அம்மா வீடியோ கால் வேண்டாம் என்றுவிட்டாள்.

இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாமே என்பாய். நல்ல பேச்சு இருந்த காலத்திலேயே அவள் மறுத்துவிட்டாள். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் உன் தாத்தா பாட்டிக்குப் பக்கத்தில் அவளுக்கென்று இடம் இருக்கிறது. பாளையங்கோட்டைக்கு வந்து கண்ணை மூடினால் நாங்கள் வெயிலுக்குப் பயந்து இங்கேயே அடக்கம் பண்ணிவிடுவோம் என்பது அவள் சந்தேகம். அத்தான் பஸ்ஸுக்கே நேரத்துக்குப் போகமாட்டாவ, எம் பெட்டிய எங்கன கொண்டாந்து சேக்கப் போறாவ என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஆதாரமில்லாத சந்தேகம் என்று தள்ள முடியவில்லை.

ஆகவே பிப்ரவரியிலிருந்து சனிக்கிழமைதோறும் நாங்கள் போய்வந்தோம். மத்தியானத்துக்குப் போய்ச் சேர்வோம், டார்லின் கையிலிருந்து கஞ்சிக் கிண்ணத்தை உன் அம்மா வாங்கிக்கொள்வாள். கஞ்சி முடிந்ததும் அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. நான் வெளியே வேப்பமரத்தடியில் பேப்பர் படிப்பேன். தெளிவு கலைந்ததும் திரும்பிவிடுவோம். போகும்போது வழியெல்லாம் உன் அம்மா பேசிக்கொண்டு வருவாள். பியூலா பள்ளிக்கூடத்தில் பண்ணிய அட்டகாசங்கள், யார் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்பது எல்லாம். எனக்கு அந்தப் பக்கத்துக் காதுதான் கேட்காது. அது அவளுக்கும் தெரியும், அவள் நிறுத்துவதில்லை.

மார்ச் முதல் சனிக்கிழமை மூன்றடைப்பு தாண்டி அவள் பேச்சு நின்றது. பேச்சு நின்றது எனக்கு வாய் அசைவிலிருந்துதான் தெரியும். சற்று ஓய்வெடுக்கிறாள் போலும் என்று நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். நாங்குநேரி வரும்போது திரும்பிப் பார்த்தால் தலை கதவில் சாய்ந்து, கண் பாதி திறந்து கிடக்கிறது. ஒரு டீக்கடைக்காரர் ஓடிவந்து தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்து, ஏ அண்ணாச்சி, ஆளக் கூட்டிட்டுப் போறீயளா, கருவாடு காயப் போடுதியளா என்று என்னைக் கேட்டார். டாக்டர் அவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்குமேல் சாயங்காலம் ஐந்து மணிவரை இந்த அம்மாவுக்கு அனல்காற்று படவே கூடாது, அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரை வர நேரம் இருக்காது என்று மட்டும் சொன்னார்.

உன் யோசனைப்படி ஏசி டாக்சியும் வைத்துப் பார்த்தோம் என்பதைப் பதிவுசெய்கிறேன். டிரைவர் நல்ல பையன். ஆனால் முகப்பில் ஒரு வாசனைக் குப்பி வைத்திருந்தான். பொன்னாக்குடி வருமுன் உன் அம்மா இரண்டு முறை இறங்கி வாந்தி எடுத்தாள். குப்பியை எடுத்து டிக்கியில் போட்டும் வாசனை போகவில்லை. இது பொணத்துக்குத் தெளிக்குத செண்டுல்லா, இதுக்கு அந்த வெயிலே தேவல என்றாள். பையனின் முகம் வாடிவிட்டது. அப்படியே திரும்பிவிட்டோம். சபையில் இரண்டு பேர் தங்கள் காரைத் தருவதாகச் சொன்னார்கள். இரண்டிலும் குப்பி இருக்கிறது. நம் காரின் வாசனை மட்டும் அவள் வயிற்றைப் புரட்டுவதில்லை. அது பழைய ரெக்சினும் எஞ்சின் ஆயிலும் என்றோ சிந்திய மாங்காய் ஊறுகாயும் சேர்ந்த வாசனை. அதைக் கடையில் விற்கமாட்டார்கள்.

அதற்குப் பின் வந்த சனிக்கிழமைகளில் நாங்கள் வீட்டில்தான் இருந்தோம். பன்னிரண்டு மணி ஆனதும் உன் அம்மா டார்லினுக்குப் போன் செய்வாள். இப்ப வாசலப் பாக்காளா என்று கேட்பாள். டார்லின் என்ன சொல்வாளோ எனக்குக் கேட்காது. உன் அம்மா சரிம்மா என்று வைத்துவிட்டு ரசத்தை இறக்கப் போய்விடுவாள். கண்ணாடிகளை ஏற்றும் தீர்மானம் இந்தச் சூழ்நிலையில்தான் கொண்டுவரப்பட்டது.

நம் காரை ஆரம்பத்திலிருந்து பார்த்துவரும் மெக்கானிக் சங்கிலிபூதத்தானிடம் முதலில் சொன்னேன். சமாதானபுரத்தில் அதே ஒர்க்‌ஷாப், அதே பனியன் துணியில் கை துடைத்தல். கொஞ்ச நேரம் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எஞ்சின்கிட்ட கேட்டியளா சார்வாள் என்றான். ஐம்பது வருட எஞ்சின், தன்னைத் தானே இழுப்பதே பெரிது, அது தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுகிறோம் என்பது அவன் வாதம். ஏசிக்குக் குளிர் உண்டாக்கும் கம்ப்ரசரை எஞ்சின்தான் பெல்ட் போட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சினுக்குக் காற்று வரும் வழியிலேயே ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு பெட்டியையும் மறித்து வைப்பார்கள். ஓடும்போது மூக்கப் பொத்திக்கிட்டு தலையில ஒரு குத்துப்போணித் தண்ணிய ஏத்துன மாரி என்றான். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஏசி வேலை தெரிந்தவர்கள் மேலப்பாளையத்தில் இருக்கிறார்கள் என்று அவனே கூட்டியும் போனான். மறுப்புத் தெரிவித்துவிட்டு ஒத்துழைப்பது நம் மாவட்டத்தின் பொதுப் பண்பு. நான் சபைக் கமிட்டியில் இருந்தவன், எனக்குப் பழக்கம்தான்.

ஏசிக் கடையை நடத்துவது நஸீமா என்ற பெண். காயல்பட்டினத்துப் பிறப்பு, மேலப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். கடையை ஆரம்பித்த அவள் வீட்டுக்காரர் இப்போது சவுதியில், தம்மாமில் பஸ்களுக்கு ஏசி மாட்டும் வேலையில் இருக்கிறார். கடை இவள் கையில் வந்ததிலிருந்து முன்பைவிட நன்றாக நடப்பதாகத் தெருவில் பேச்சு. சிக்கலான வண்டி வந்தால் போனை நீட்டி அவருக்குக் காட்டுகிறாள். நம் காரையும் காட்டினாள். அன்று வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை; சாவகாசமாகப் பார்த்தார். இங்கன ஐம்பது டிகிரியில பஸ்ஸே ஓடுது, இது என்ன பெரிய விஷயம் என்று தீர்ப்பு வந்தது. சங்கிலிபூதத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏ நஸீமா, ஓம் மாப்பிள்ள மாட்டுதது புது பஸ்ஸுக்குல்லா, இது பஸ்ஸா என்றான். சத்தம் பஸ்ஸு மாரிதான இருக்கு அண்ணாச்சி என்றாள் அவள். அந்த இடத்தில் நான் எந்தக் கட்சி என்று எனக்கே தெரியவில்லை.

வேலை மூன்று வாரம் நடந்தது. விபத்தில் நசுங்கிய ஒரு சின்னக் காரிலிருந்து எடுத்த கம்ப்ரசர் வந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்துதான் காற்று வரும். பழைய டைனமோவை எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். இவையெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டன. மிச்ச நாட்கள் முழுவதும் ஓட்டை அடைப்பதில் போயிற்று. கண்ணாடியை ஏற்றினாலும் காற்று வெளியே போக நம் காரில் எத்தனை வழிகள் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. உன் அம்மா கால் வைக்கும் இடத்தில் காலண்டர் அட்டையைத் தூக்கியதும் நஸீமாவுக்குத் தரை தெரிந்தது. அவள் கடைத் தரை. சார்வாள், இது காரா கொசுவலையா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் சங்கிலிபூதத்தான், காத்தோட்டமா இருக்கட்டும்னு நான்தான் விட்டு வச்சிருக்கேன் என்றான். கதவுகளுக்கு ரப்பர் பட்டை, தரைக்குத் தகடு, முக்கோணக் கண்ணாடிகளுக்கு நிரந்தரப் பூட்டு. கடைசியில் கதவைச் சாத்தினால் பீரோ சாத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்பதற்காகவே நான் நாலைந்து தடவை சாத்திப் பார்த்தேன்.

ஒரு சாயங்காலம் பொழுதடையும் நேரம் காரை எடுத்துவந்தேன். உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரை போய்வந்தோம். உண்மையிலேயே குளிர்ந்தது. தாமிரபரணியில் தண்ணீர் கொஞ்சம்தான் ஓடியது, ஆனாலும் மூடிய கண்ணாடி வழியாகப் பார்க்க ஏதோ வெளிநாட்டு ஆறு போல இருந்தது. உன் அம்மா முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு, ரீபா ஊர்ல இப்படித்தான் இருக்கும் போல என்றாள். திரும்பும்போது, அடுத்த சனிக்கெழம பியூலாவுக்கு அந்த நார்த்தங்கா ஊறுகாய நக்கக் குடுக்கணும், அவளுக்கு ருசி தெரியுதான்னு பாக்கணும் என்றாள். வீடு வந்ததும் ஊறுகாயை ஒரு சின்ன பாட்டிலில் எடுத்து வைத்துவிட்டாள்.

அதற்குள் ஜெபம் ஒன்று இருந்தது. நம்மில் கிரைண்டர் வாங்கினாலும் ஜெபிக்காமல் மாவு ஆட்டமாட்டோம் என்பது உனக்குத் தெரியும்; போர்வெல் போட்டபோது குழாய்க்கும் ஜெபித்தோம். ஏசியை ஜெபிக்காமல் நெடுந்தூரம் எடுத்துப்போக உன் அம்மாவுக்கு மனம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நம் சபைப் போதகர் ஐயர் வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர், உற்சாகமானவர். வெளியே நின்று ஜெபிப்பதைவிட எல்லோரும் உள்ளே அமர்ந்து, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை ஓடவிட்டு, தேவன் தந்த குளிர்ச்சியை அனுபவித்தபடியே ஸ்தோத்திரம் சொல்லலாமே என்றார். அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நான் ஸ்டியரிங்கில், ஐயர் பக்கத்தில், உன் அம்மாவும் சபை உபதேசியாரும் அவர் மனைவியும் பின்னால். கார் நம் வீட்டு முற்றத்தில் வெயிலில் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. சங்கிலிபூதத்தான் மரியாதைக்காக பானட்டுக்கு முன்னால் கைகட்டி நின்றான். நஸீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுற்றுச்சுவர் ஓரம் நின்றாள். கார் ஓடுவதை வீட்டுக்காரர் பார்க்கட்டும் என்று போனைச் சுவர்மேல் பானட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தாள். ஜெபத்துக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று அவர் பேச்சு கேட்காதபடி சத்தத்தை மட்டும் அமர்த்திவிட்டாள்.

ஐயர் ஏதேன் தோட்டத்தில் ஆரம்பித்தார். வனாந்தரத்தில் மேகம் நிழலாக நின்றதைச் சொன்னார். பிறகு வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்காக ஜெபித்தார், அதில் நீ பெயரோடு வந்தாய். நாட்டை ஆள்கிறவர்களுக்காகவும் மழைக்காகவும் ஜெபித்தார். எனக்கு ஒரு கருகல் வாடை வந்தது. புது ரப்பர் பட்டை என்று நினைத்தேன். உன் அம்மாவுக்கும் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கிறார்கள் என்று நினைத்தாளாம். உபதேசியார் தனக்கு ஒன்றும் வரவில்லை என்கிறார், அவருக்குச் சளி. ஆனால் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து பார்ப்பது என்பது நம்மில் யாருக்கும் சிறுவயதிலிருந்தே பழக்கமில்லை. ஒரு முழ தூரத்தில் பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தபோது சங்கிலிபூதத்தானும் கண்ணை இறுக மூடி நின்றிருக்கிறான். சாஸ்தா கோயிலில் கொடை எடுக்கிறவன் அவன். பின்னால் கேட்டபோது, ஒங்க சாமி கும்பிடுத எடத்துல நான் கண்ணத் தொறந்தா ஒங்களுக்கு மரியாதையா சார்வாள் என்று என்னிடமே திருப்பிக் கேட்டான். நஸீமாவும் தன் முறைப்படி இரு கைகளையும் ஏந்திக் கண்ணை மூடியிருந்தாள். ஆக, அந்த வேளையில் நம் முற்றத்தில் நடப்பதைக் கண்திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர் தம்மாமில் இருந்த ஒருவர் மட்டும்தான். அவர் எஞ்சினை அமத்து, அமத்து என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறார். சுவர்மேல் வாய் மட்டும் அசைந்திருக்கும்.

ரேடியேட்டர் குழாய் வெடித்தது. வெந்நீர் முற்றம் முழுவதும் தெளித்தது. சங்கிலிபூதத்தான் அந்த வயதில் அப்படித் தாவுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதனால்தான் தப்பினான். ஐயர் மழைக்கான மன்றாட்டிலிருந்து நேரே ஆமென் சொல்லிவிட்டார். எல்லோரும் கீழே இறங்கியதும் முதலில் பேசியவள் உன் அம்மா. ஐயா இன்னும் ரெண்டு நிமிஷம் ஜெபிச்சிருந்தா காரு நேரா பரலோகத்துக்கே போயிருக்கும் என்றாள். ஐயர் சிரித்தார், நல்ல மனிதர். உன் அம்மாவும் சிரித்துவிட்டு உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி போட்டாள். மறுநாள் சனிக்கிழமை. அவள் ஊறுகாய் பாட்டிலை எடுத்துப் பரணில் வைத்ததை நான் பார்த்தேன்.

எஞ்சின் தலையைக் கழற்றி, உள்ளே எரிந்துபோன கேஸ்கட்டை மாற்றி, பெரிய ரேடியேட்டராகப் போட்டு, முன்னால் ஒரு மின்விசிறியும் வைத்து முடிக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. இதற்கு நடுவில் சங்கிலிபூதத்தான் ஏசியில் கோளாறு என்றும் நஸீமா எஞ்சினில் கோளாறு என்றும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இருவர் சொல்வதும் சரி என்று நான் இருவரிடமும் சொன்னேன். அதனால் இருவரும் என்மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள்.

கடிதம் முழுவதும் கார்தான் என்று நினைக்காதே. உன்னிடம் சொல்ல வேறு விஷயங்களும் இருக்கின்றன. ஹெப்ரானைப் பனியில் வேகமாக ஓட்ட வேண்டாம் என்று சொல். அவனுக்கு நான் சொன்னதாகச் சொல்லாதே, உன் யோசனையாகவே சொல். எபி தமிழ் எழுத்தில் எங்கே நிற்கிறான்? போனில் என்னிடம் தாத்தா எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் ஓடிவிட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சற்று நீளம் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அங்கே வீட்டுக்குள் எப்போதும் சூடு ஓடுவதால் தோல் வெடிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம், தேங்காயெண்ணெய் தடவு, வெட்கப்படாதே. உனக்கு அங்கே காருக்குள் சூடு போடுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அதைத் திருகினால் போதும் என்கிறாய். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் எத்தனை பேர் சண்டை போட்டிருப்பார்கள் என்று இப்போது எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது.

கார் திரும்பி வந்ததும் ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்குப் போய்ச் சேரும்படியாகப் புறப்பட்டோம். உன் அம்மா பரணிலிருந்து பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடிகள் நான்கும் மேலே. ரெட்டியார்பட்டி வரை அரண்மனைதான். எஞ்சின் கிழவனார் நன்றாக இழுக்கிறார் என்று நான் சொன்னேன். மூன்றடைப்பில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நகர ஆரம்பித்தது. நாங்குநேரிக்கு முன்னால் சிவப்பைத் தொட்டது. ஏசியை நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினால் அனல் காற்று, இறக்காவிட்டால் சூளை. உன் அம்மா ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க பைய ஓட்டுங்க, இன்னும் கொஞ்சம்தான என்றாள். டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அதே டீக்கடைக்காரரின் கொட்டகை நிழலில் வண்டியை நிறுத்தினேன். அவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, சோடாவை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். அங்கே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு மணிக்கு உன் அம்மா டார்லினுக்குப் போன் செய்தாள், பாதி வழியில் இருப்பதாகச் சொன்னாள். வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்குத் திரும்பினோம். வழியில் அவள் பேசவில்லை. நான் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன், அவள் விழித்துத்தான் இருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை சங்கிலிபூதத்தானும் நஸீமாவும் நம் முற்றத்திலேயே கூடி ஆராய்ந்தார்கள். தம்மாமும் போனில் இருந்தது, இந்தத் தடவை சத்தத்தோடு. எங்க வீட்டுக்காரவுக சொல்லுதாவ, எஞ்சினையே மாத்தினா ஓடுமாம் என்றாள் நஸீமா. எஞ்சின மாத்தினா அது இந்தக் காரா, அப்பம் காரையும் மாத்திருங்க என்றான் அவன். இருவரும் பானட்டைத் திறந்து இன்னொரு தடவை பார்த்தார்கள். பிறகு முதன்முறையாக இருவரும் ஒன்றுபட்டார்கள். வெயில் ஏறிய பின் இந்த எஞ்சின் ஏசியை இழுக்காது. விடியற்காலையில் தாராளமாகப் போடலாம், ராதாபுரம் போய்த் திரும்பினாலும் முள் அசையாது. பொழுதடைந்த பிறகும் போடலாம். ஆனால் இருட்டில் எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் எனக்கு ரோடு தெரிவதில்லை. அங்கேயே பகல் முழுவதும் இருந்துவிடலாம் என்றால் பியூலாவுடையது கல்நார்க் கூரை வீடு. உன் அம்மா ஒரு மணி நேரம் விசிறிக்கடியில் தாங்குவாள், நாள் முழுவதும் தாங்கமாட்டாள். ராத்தங்கவும் அங்கே இடமில்லை, டார்லினே கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில்தான் பாய் விரிக்கிறாள்.

ஆகவே இரண்டு வாரமாகச் சனிக்கிழமைகளில் கருக்கல் தெளிந்ததும் புறப்பட்டு ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். எட்டு மணிக்கு அங்கிருந்து கிளம்பிவிட்டால் வெயில் ஏறுவதற்குள் வீடு. கார் ஒரு தகராறும் செய்யவில்லை, முள் இடத்தைவிட்டு நகரவே இல்லை. உன் அம்மாவுக்கு மயக்கம் எதுவும் வரவில்லை, ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். இதனால் அவளைப் பற்றி நீ இனிக் கவலைப்பட வேண்டியதில்லை.

உன்னையும் ஹெப்ரானையும் குழந்தையையும் கர்த்தர் தம்முடைய செட்டைகளின் நிழலில் வைத்துக் காப்பாராக. உங்கள் போக்கையும் வரத்தையும், குறிப்பாக அந்தப் பனி ரோட்டில், அவரே பார்த்துக்கொள்வாராக. அம்மா உனக்குத் தன் முத்தங்களைச் சொல்லச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போக மறக்காதே, அங்கே ஆராதனை எவ்வளவு குட்டையாக இருந்தாலும் சரி.

இன்னொன்று. நீ வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூப்பிடுவது வழக்கம், அது இங்கே சனிக்கிழமை காலை. இனி அந்த நேரத்தில் கூப்பிட வேண்டாம். அப்போது நாங்கள் பியூலா சித்தியின் கட்டிலருகே உட்கார்ந்திருப்போம். அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், போன் அடித்தால் தூக்கம் கலைந்துவிடும் என்று உன் அம்மா சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சாலமோன்